வாசித்துக்காட்ட ஆள் தேடாமல் படிப்பது

கேள்வி: டிஜிட்டல் தொழில்நுட்பத்தால் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் புதிய வாய்ப்புகள் கிடைக்கின்றன என்கிறார்களே, நடைமுறையில் அப்படி ஏதாவது நடக்கிறதா?

எல்லாப் பிள்ளைகளையும் பற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியாது. பார்வையற்ற மாணவர்களைப் பற்றிச் சொல்ல முடியும், நானும் அப்படிப் படித்து வந்தவன்தான். எங்கள் விஷயத்தில், நிச்சயமாக நடந்திருக்கிறது.

பள்ளியில் பிரெயில் பாடப்புத்தகம் இருந்தது. சாதாரணப் புத்தகம் ஒன்று பிரெயிலில் பல தடித்த தொகுதிகளாகிவிடும். பாடத்தைத் தாண்டி வேறு எதுவும் அநேகமாகக் கிடைக்காது. கல்லூரிக்கு வந்தால் அதுவும் இல்லை, வாசித்துக்காட்ட ஆள் பிடிக்க வேண்டும். வந்து வாசித்தவர்கள் எல்லாம் தங்கமானவர்கள். ஆனால் நமக்குத் தேர்வு வரும்போது அவர்களுக்கும் தேர்வு வந்துவிடும். புரியாத பத்தியை மூன்றாம் முறை வாசிக்கச் சொல்லக் கூச்சமாக இருக்கும். சினிமா கிசுகிசுவை வாசிக்கச் சொல்வதற்கோ வாயே வராது.

இதை மாற்றியது திரைவாசிப்பான், அதாவது திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாகச் சொல்லும் மென்பொருள். முன்பு இருந்தவற்றின் விலை நம் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார், நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள், சிறுவயதில் ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். விண்டோஸ் கணினி இருந்தால் போதும், என்விடிஏ முழுக்க இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழும் பேசும். குரல் என்னவோ தகரடப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான். பழகிவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் கேட்கலாம்.

தமிழில் மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு பார்ப்பவருக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்ற சொல் எங்களுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்குள் வைக்கும் யூனிகோடு முறைக்கு மாறச் சொல்லித் தமிழக அரசு 2010-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் இன்றுவரை பழைய எழுத்துருவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் ஓசிஆர் இப்போது தமிழுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. துணைக்காலையும் ரகரத்தையும் அவ்வப்போது குழப்பும், அர்த்தம் பார்த்துச் சரிசெய்துகொள்வோம். இதற்குச் சட்டமும் துணையாக இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்குப் புத்தகத்தை மாற்ற அனுமதிக்கிறது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் புத்தகம் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கையை 2014-ல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான்.

கணக்கும் அறிவியலும் இன்னும் இடிக்கின்றன. சமன்பாட்டைப் படமாக ஒட்டிவிடுகிறார்கள், என்விடிஏ 'கிராஃபிக்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். எங்களில் பலர் தமிழ், வரலாறு என்று போனதில் ஆசை பாதி, வேறு வழியில்லாதது பாதி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, நாம் மனிதர்தானா என்று சோதிக்க வரும் கேப்சா படம் தனிக் கொடுமை. ஒரு தேர்வுக்கான தளத்தில், மாற்றுத்திறனாளிக்கான பகுதியையெல்லாம் நிரப்பி முடித்த பிறகு, கோணல்மாணலான எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொன்னார்கள். யார் அதை வடிவமைத்தார்களோ!

வீட்டில் பார்வையற்ற பிள்ளை இருந்தால், போனோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கை வைத்துக் கேட்கலாம், செய்தி அனுப்பலாம், பத்துப் பக்கக் கட்டுரை எழுத முடியாது. ஐந்தாறாம் வகுப்பிலேயே கணினி விசைப்பலகையைப் பழக்கிவிடுங்கள். என்விடிஏவில் மவுஸே தேவையில்லை, எல்லாம் விசைகள்தான்.

அப்புறம், கணினி வந்துவிட்டது என்று பிரெயிலைக் கைவிட வேண்டாம். ஈஸ்பீக் குரலில் லகர, ளகர, ழகர வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. காதால் மட்டுமே படித்த பிள்ளை 'பள்ளி'யா 'பல்லி'யா என்று தடுமாறும். விரலால் ஒருமுறை தொட்டுப் படித்த சொல்லில் அந்தத் தடுமாற்றம் வருவதில்லை. பிரெயில் தெரியாமலேயே வளர்ந்துவிட்ட பிள்ளையாக இருந்தால், சந்தேகமான சொல்லை அம்பு விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்கச் சொல்லுங்கள்.