எஸ்எஸ்பி அழைப்பு வந்துவிட்டது, ஆங்கிலம்தான் தடுமாறுகிறது!

கேள்வி: பி.இ. முடித்து, முப்படை அதிகாரிப் பணிக்கான சிடிஎஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருக்கிறேன். சென்னை ஓடிஏவுக்காக (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) எஸ்எஸ்பி அழைப்பு, அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு, வந்திருக்கிறது. பள்ளியில் தமிழ்வழி, ஆங்கிலம் சரளமாக வராது. முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பதில்: அனுப்பலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள், சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் சேர்த்துத்தான்.

அன்று காலை நுண்ணறிவுத் தேர்வு. அப்புறம்தான் விஷயம் இருக்கிறது. மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள். அதில் எத்தனை பேர், என்ன வயது, என்ன மனநிலை என்று குறித்துவிட்டு, 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லி, எல்லோருக்கும் பொதுவான ஒரு கதைக்கு வர வேண்டும். இந்த இடத்தில் பல குழுக்கள் சந்தைக்கடை ஆகிவிடும். நீங்கள் கத்த வேண்டாம். இரைச்சல் சற்று அடங்கும்போது, “படத்தில் மூன்று பேர் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்தானே? அங்கிருந்து தொடங்கலாம்” என்ற அளவில் எளிய ஆங்கிலத்தில் சொன்னாலே போதும், காதில் விழும்.

கதையில் பயிற்சி மையத்து நாயகனைக் கொண்டுவராதீர்கள். வெள்ளத்தில் தனி ஆளாக ஐம்பது பேரைக் காப்பாற்றும் இளைஞனை மதிப்பீட்டாளர்கள் தினமும் சந்திக்கிறார்கள், பாவம். ஏரிக்கரை உடைப்பைப் பார்த்தவன் ஊராரைக் கூட்டி, மணல்மூட்டை அடுக்கி, பொதுப்பணித்துறைக்குத் தகவல் சொன்னான் என்றால் நம்பும்படி இருக்கும்.

முதல் நாளில் தேறினால் மொத்தம் ஐந்து நாள். உளவியல் தேர்வில் 60 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி. மனதில் முதலில் வருவதைச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். குழுப் பணிகளில் கயிறும் பலகையும் வைத்துத் தடை கடக்கும்போது, அடுத்தவர் சொன்ன நல்ல யோசனைக்குத் தோள் கொடுங்கள். அதையும் கவனிக்கிறார்கள்.

ஓடிஏவுக்கு எழுத்துத் தேர்வு 200 மதிப்பெண், எஸ்எஸ்பியும் 200. ஆகவே எஸ்எஸ்பியில் நடக்கும் நேர்காணலுக்கு முன் நிரப்பும் தன்விவரப் படிவத்தை அவசரமாக எழுதாதீர்கள். கேள்விகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்பும். கபடி ஆடுகிறவர் பெருமைக்காகச் செஸ் என்று எழுத வேண்டாம். கபடி என்றே எழுதி, ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர் என்பது வரை தெரிந்துகொண்டு போங்கள்.