தாத்தாவின் பெட்டியில் இருப்பது லெழியோன் தொனேரா?

காரைக்காலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். இந்தோசீனப் போருக்குப் போய் உயிரோடு திரும்பினார். 1968இல் காலமானார். அவருடைய தகரப் பெட்டியில் சிவப்பு நாடா கட்டிய ஒரு பதக்கம் இருக்கிறது. பிரான்சின் மிக உயர்ந்த விருது அது, தாத்தா ‘செவாலியே’ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். இதை எப்படி உறுதி செய்வது? குடும்பத்துக்கு ஏதாவது தொகை கிடைக்குமா? பாரிசில் ஆறாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள் விழாவில் அதைக் குத்திக்கொள்ளலாமா? தாத்தாவுக்கு அந்த விருது இல்லையென்றால், இப்போது கேட்டு வாங்க முடியுமா?”

முதலில் பதக்கத்தை வெளிச்சத்தில் வைத்து அதன் கைகளை எண்ணுங்கள். பிரான்சின் மிக உயர்ந்த விருதான லெழியோன் தொனேர் என்றால் ஐந்து கைகள் இருக்கும். ஒவ்வொரு கையும் இரண்டு முனையாகப் பிரிந்து, முனைக்கு ஒரு சிறு குமிழாக, மொத்தம் பத்துக் குமிழ்கள். கைகள் மேல் வெள்ளை எனாமல் பூச்சு, இடையிடையே ஓக், லாரல் இலைகள், மேலே தொங்குவளையமாக ஒரு இலைமாலை. நாடா முழுக்க முழுக்கச் சிவப்பு, வேறு நிறக் கோடே கிடையாது. வெள்ளி நிறமாக இருந்தால் செவாலியே நிலை. பொன்னிறமாக இருந்து, நாடாவின் நடுவே துணியாலான ஒரு சிறு வட்டப் பூ இருந்தால் அதற்கு அடுத்த ஒஃபிசியே நிலை.

கைகள் நான்குதான், நடுவே குறுக்காக இரண்டு வாள், உலோகம் வெண்கலம் என்றால் அது குரூவா த கேர், அதாவது போர்ச் சிலுவை. இந்தோசீனாவில் போரிட்டவருக்கு இது கிடைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுப் போர்முனைகளுக்கான அந்தச் சிலுவையின் நாடா நடுவில் வெளிர்நீலம், இரு ஓரமும் சிவப்பு. இரண்டாம் உலகப் போர்ச் சிலுவையின் நாடா சிவப்பு, நடுவில் பச்சைக் கோடுகள். அரை நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்து மங்கிய நாடாவில் நீலமும் பச்சையும் கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு. நாடாவைத் திருப்பி, மடிப்புக்குள் வெளிச்சம் படாத இடத்தைப் பாருங்கள், உண்மையான நிறம் அங்கே இருக்கும். பதக்கம் வட்டமாக, நாடா மஞ்சளும் பச்சை ஓரமுமாக இருந்தால் அது மெதாய் மிலித்தேர். 1852இல் தொடங்கிய அந்தப் பதக்கம் சாதாரணச் சிப்பாய்களுக்கும் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் உரியது. நம் சொல்தாக்களின் வீடுகளில் லெழியோன் தொனேரை விட இதையே எதிர்பார்க்கலாம். இதையும் சிறிதாக நினைத்துவிடாதீர்கள். அந்த நிலையில் இருந்த ஒரு வீரனுக்குப் பிரான்சு தந்த பெரிய மரியாதை இது.

பதக்கத்தில் 1870 என்று பொறித்திருந்தால் குழம்ப வேண்டாம். அது உங்கள் தாத்தாவுக்கு முந்தைய யாரோ வாங்கியது என்று அர்த்தமில்லை. பிரான்சின் மூன்றாம் குடியரசு பிறந்த ஆண்டு அது. 1951 வரை லெழியோன் தொனேரிலும் மெதாய் மிலித்தேரிலும் அந்த ஆண்டைப் பொறித்தே வார்த்தார்கள்.

ஒரு வேண்டுகோள்: புளி, விபூதி, பிராசோ எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். எனாமல் ஒருமுறை பெயர்ந்தால் திரும்ப வராது.

‘செவாலியே’ விஷயத்தில் நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. அது ஒரு விருதின் பெயரல்ல, படிநிலையின் பெயர். பிரான்சின் பல விருதுகளில் முதல் படி செவாலியேதான். 2016இல் கமல்ஹாசனுக்குக் கிடைத்த செவாலியே, கலை இலக்கியத்துக்காக 1957இல் ஏற்படுத்தப்பட்ட வேறொரு விருதைச் சேர்ந்தது. லெழியோன் தொனேர் 1802 மே 19 அன்று நெப்போலியன் தொடங்கியது. போர்வீரருக்கும் குடிமக்களுக்கும் ஒரே விருது, பிறப்பு பார்க்காமல் சேவை பார்த்துத் தருவது என்பதுதான் அன்று அதிலிருந்த புதுமை. செவாலியே, ஒஃபிசியே, கொமாந்தர் என்ற மூன்று நிலைகளும் அவற்றுக்கு மேலே இரண்டு பெரும் பட்டங்களும் அதில் உண்டு. ஆகவே தாத்தாவின் தாள் ஏதாவது அகப்பட்டால், செவாலியே என்ற சொல்லோடு நிறுத்தாமல் எந்த விருதின் செவாலியே என்று படியுங்கள்.

ஐந்து கைப் பதக்கம்தான் என்றாலும், பதக்கம் மட்டும் சாட்சியாகாது. அதைக் கடையிலும் வாங்கலாம். தாள்தான் சாட்சி. 1977க்கு முன் இறந்த லெழியோன் தொனேர் உறுப்பினர்களின் கோப்புகளுக்காகப் பிரெஞ்சு தேசிய ஆவணக் காப்பகம் ‘லெயோனோர்’ என்ற இணையத் தளத்தை இலவசமாக நடத்துகிறது. தாத்தா 1968இல் போனவர் என்பதால் தேடலை அங்கே தொடங்குங்கள். கோப்பு கிடைத்தால் பிறப்புச் சான்று, எந்தப் படைப்பிரிவில் எந்த ஆண்டு எங்கே இருந்தார் என்ற சேவைப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கக்கூடும். சொல்தா வீடுகளில் பென்ஷன் கதை தெரிந்த அளவுக்குப் போர்க் கதை தெரிவதில்லை. தாத்தாக்கள் வாய் திறந்து பேசாததை இந்தக் கோப்புகள் சொல்லும்.

தேடும்போது பலரும் தோற்பது பெயரில்தான். நாம் இப்போது ஆங்கில முறையில் எழுதும் எழுத்துகளைப் போட்டால் ஒன்றும் வராது. பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்ததை அவர் முறையில் எழுதியிருப்பார். முத்துவின் உகரத்துக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து. ராமசாமியின் சகரத்துக்கு இரண்டு எஸ். சின்னசாமி சி எழுத்தில் இருக்கமாட்டார், எஸ் எழுத்தில் இருப்பார். எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்பதும் இடம் மாறியிருக்கும், எனவே இரண்டு விதமாகவும் தேடுங்கள். 1881 ஆணையின்படி இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’ குடும்பம் என்றால், அப்போது புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்திருப்பார்கள். தாத்தாவின் பெயர் அந்தப் புதுப்பெயரில்தான் இருக்கும். பெயர் சரிவராவிட்டால் பிறந்த இடத்தைக் கொண்டு தேடுங்கள். காரைக்காலை அவர்கள் ‘கரிக்கால்’ என்றே எழுதினார்கள்.

லெயோனோரில் இல்லாவிட்டால் அங்கேயே முடித்துவிடாதீர்கள். மெதாய் மிலித்தேர், போர்ச் சிலுவை பெற்றவர்களின் பெயர் அதில் வராது. சிப்பாய்களின் சேவைக் கோப்புகள் பிரான்சின் போ நகரிலுள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுதிக் கேட்கும்போது முழுப் பெயர், பிறந்த தேதி, இடம், படை எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். படை எண் தாத்தாவின் ‘லிவ்ரே மிலித்தேர்’ என்ற சிறு புத்தகத்தில் இருக்கும். அதே தகரப் பெட்டியை இன்னொரு முறை பாருங்கள், நாம் ரேஷன் கார்டு என்று நினைத்து ஒதுக்கிய புத்தகம் அதுவாக இருக்கலாம்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ராணுவச் சேவைக்காக லெழியோன் தொனேர் பெற்ற செவாலியேவுக்கு ஆண்டுக்கு 6.10 யூரோ மட்டுமே கிடைக்கும். குடிமக்கள் பிரிவில் பெற்றவருக்கு அதுவும் இல்லை. அந்தத் தொகையும் பெற்றவரின் ஆயுளோடு முடிகிறது. பேரப்பிள்ளைகளுக்குப் பதக்கத்தைக் காட்டிப் பணம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ராணுவப் பென்ஷன், விதவை மனைவிக்கான பங்கு என்பதெல்லாம் வேறு கணக்கு. பாட்டி உயிரோடு இருந்தால் புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் தனியாக விசாரியுங்கள்.

உங்கள் அண்ணன் மகள் அதைக் குத்திக்கொள்ளக் கூடாது. விருது பெற்றவரோடு முடிகிற உரிமை அது. உரிமையில்லாமல் பொது இடத்தில் அணிவது பிரெஞ்சுத் தண்டனைச் சட்டப்படி ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பள்ளிப் பிள்ளை மேல் வழக்குப் போடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் விழாவுக்கு வரும் பழைய வீரர்கள் மனம் நோகும். கண்ணாடிச் சட்டத்தில் தாத்தாவின் படத்தோடு வீட்டுச் சுவரில் மாட்ட எந்தத் தடையும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு வேறொரு வாசல் திறந்திருக்கிறது, இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நெப்போலியன் 1805இல் ஆஸ்டர்லிட்ஸ் போருக்குப் பிறகு, விருது பெற்றவர்களின் பெண்பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் அமைக்க ஆணையிட்டார். அந்த வழியில் வந்த இரண்டு அரசு விடுதிப் பள்ளிகள் பாரிசுக்கு அருகே இன்றும் நடக்கின்றன. நடுநிலை வகுப்புகள் சேன் ஜெர்மேன் ஆன் லேவிலும், மேல்நிலை வகுப்புகள் சேன் தெனியிலும் இருக்கின்றன. மகள், பேத்தி மட்டுமல்ல, கொள்ளுப்பேத்தியும் விண்ணப்பிக்கலாம். மெதாய் மிலித்தேர் பெற்றவர்களின் வாரிசுகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. போட்டி கடுமை, மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். ஆனால் தாத்தாவின் விருதை நிரூபிக்கும் தாள் இல்லாமல் விண்ணப்பமே நகராது. கோப்பைத் தேட இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

கடைசிக் கேள்விக்குப் பதில்: தாத்தாவுக்கு இப்போது வாங்க முடியாது. கடமையின்போது உயிர்விட்டவர்களுக்கு, அதுவும் உடனடியாக, தருவதைத் தவிர இறந்தவர்களுக்கு லெழியோன் தொனேர் கொடுப்பதில்லை. உயிரோடிருப்பவர்கூடத் தனக்கென்று விண்ணப்பிக்க முடியாது, அமைச்சர்கள்தான் பரிந்துரைப்பார்கள். பிரான்சில் வாழும் நம்மவர் யாராவது குறைந்தது 20 ஆண்டுகள் நல்ல சேவை செய்திருந்தால், அதே மாவட்டத்தில் உள்ள 50 பேர் கையெழுத்திட்டு அவர் பெயரை மாவட்டத்தின் அரசுத் தலைமை அதிகாரியான ப்ரெஃபேவிடம் முன்மொழியலாம். 2008 முதல் அந்த வழி இருக்கிறது.