'அப் தி ஆன்டி' என்ற ஆங்கிலத் தொடரில் கடைசி எழுத்து ஈ-யா, ஐ-யா? நெருக்கடியைக் கூட்டுவதற்கெல்லாம் இதை எழுதலாமா?

ஈ தான் சரி. ஏ, என், டி, ஈ (ante). அலுவலகத்தில் யாரோ உங்களைத் திருத்தியிருக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறீர்கள். எனக்கும் அது நடந்திருக்கிறது.

போக்கர் ஆட்டத்தில் சீட்டுப் போடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் நடுவில் வைக்கும் தொகைக்குப் பெயர் ஆன்டி. நம் ஊரில் மூன்று சீட்டு ஆடுபவர்கள் 'பூட்' என்பார்களே, அதுதான். 'முன்' என்று பொருள்படும் லத்தீன் சொல். காலை நேரத்துக்குப் போடும் ஏ.எம்.-இல் உள்ள 'ஏ' இதுதான்; மருத்துவமனையில் கர்ப்பிணிகள் பிரிவின் பலகையில் உள்ள 'ஆன்டிநேட்டல்' என்பதன் முற்பாதியும் இதுதான். ஐ-யில் முடிவது 'எதிர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல், ஆன்டிபயாட்டிக்கில் வருவது. அதற்கு இங்கே வேலையே இல்லை.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பில் இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்குப் போட்டி நிறுவனம் பணம் செலுத்த 60 நாள் தவணை தருவதாகச் சொல்லி, எங்கள் ஆர்டரைப் பறிக்கப் பார்த்தது. ஏஜெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தொடரைப் போட்டேன். மேலாளர் அந்த ஈ-யைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே ஐ எழுதி, "நீங்கள் தமிழ் மீடியமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். மதியமே அகராதியை அவர் மேசையில் விரித்து வைத்தேன். பார்த்துவிட்டு, "சரி, அப்படியே அனுப்புங்கள்" என்றார். கேட்டபோது எட்டுப் பேர் இருந்தார்கள். ஒப்புக்கொண்டபோது நாங்கள் இருவர் மட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடிக்கச் சொல்லி மேலதிகாரி விரட்டினால் அதற்கு இந்தத் தொடர் பொருந்தாது. ஒருவர் கூடுதலாக ஏதோ ஒன்றைப் பணயம் வைத்து, மற்றவர்களும் அதற்கு ஈடுகொடுத்தே ஆக வேண்டிய நிலையை உண்டாக்கினால்தான் பொருந்தும். 60 நாள் தவணை அப்படிப்பட்டது: நாங்களும் தர வேண்டும், அல்லது ஆர்டரை விட வேண்டும். பொதுவாக எல்லா நெருக்கடிக்கும் இப்போது எழுதுகிறார்களே என்று சிலர் வாதிடுவார்கள். எழுதுகிறார்கள்தான், நான் எழுத மாட்டேன். இன்னொன்று, இதில் 'அப்' என்பதே 'கூட்டு' என்று பொருள்படும் வினைச்சொல். இறந்தகாலத்தில் 'அப்டு' என்று வரும். அதற்கு முன்னால் 'இன்கிரீஸ்' சேர்க்கக் கூடாது.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் சொல்கிறேன். அதே அலுவலக வாசலில் 'வாகணங்களை இங்கு நிருத்தாதீர்' என்று ஒரு பலகை தொங்கியது. இரண்டு பிழை என்று எழுதியே கொடுத்தேன். "புரிகிறது அல்லவா, விடுங்கள்" என்றார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்குச் சிவப்பு மை எடுத்த அதே மேலாளர் அந்தப் பலகையைக் கடந்துதான் தினமும் உள்ளே வருவார். நான் வேலையை விட்டு வந்தபோதும் அது மாற்றப்படவில்லை.