பின்வளவில் ஆண்டர்சன் பங்கர்: வைப்பதா, எடுப்பதா?

கேள்வி: கிழக்கு லண்டனில் 1930களில் கட்டிய வீடு வாங்கினோம். பின்வளவின் கோடியில் இருந்த மண்மேட்டைக் கிளறியபோது நெளிதகர வளைவு ஒன்று தெரிந்தது. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். கணவர் பழைய இரும்புக்குப் போடலாம் என்கிறார். பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் படுத்து எழும்பி வளர்ந்த எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உள்ளே எட்டிப் பாருங்கள், இறங்காதீர்கள். பக்கத்துக்கு மூன்றாக ஆறு வளைந்த தகடுகள் உச்சியில் போல்ட்டால் இணைந்திருந்தால் அது ஆண்டர்சன் தங்குமிடம்: இரண்டாம் உலகப் போரில் விமானக் குண்டுவீச்சிலிருந்து தப்ப அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுத்த பங்கர். ஆறடி உயரம், நாலரை அடி அகலம், ஆறரை அடி நீளம். அதற்குள் ஆறு பேர்! 1939 பிப்ரவரியில் இஸ்லிங்டனில் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆண்டு வருமானம் 250 பவுனுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுன்.

போர் முடிந்தபின் பலர் இதைத் தோண்டி எடுத்துத் தரைமேல் நிறுத்திக் கொட்டகையாக்கிக்கொண்டார்கள். உங்களுடையதன் தரை நிலமட்டத்துக்கு மூன்று நான்கு அடி கீழே இருந்தால் முதலில் புதைத்த குழியிலேயே இருக்கிறது. என் கணக்கில் அதுதான் வைத்துக்கொள்ளத் தக்கது.

ஒன்றைக் கவனியுங்கள். ஊர்ப் பங்கரில் மேல்மண்ணின் பாரத்தைப் பனங்குற்றி தாங்கும். இங்கே மெல்லிய தகரம் தனியே தாங்குவதில்லை. வளைவும் இருபக்க மண்ணும் சேர்ந்தே தாங்குகின்றன. கூரைமேல் 15 அங்குலமாவது மண் போடச் சொல்லியிருந்தார்கள். நனைந்தால் அது ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஆகவே ஒரு பக்க மண்ணை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முதலில் மேல்மண், பிறகு இரு பக்கமும் சமமாக. அதற்கு முன் தகடு மண்ணைத் தொடும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் தகடு துருவில் தீர்ந்துவிட்டது. ஆள் இறங்கக் கூடாது.

தண்ணீர் இதன் பிறவிக் குறை. போர்க்காலத்திலேயே வாளியால் இறைத்துவிட்டுத்தான் பலர் படுத்தார்கள். வெளியிலிருந்தே பம்பு வைத்து இறைத்துவிட்டு, மேலே தார்ப்பாய் விரித்து, மழையில்லாத இரண்டு மூன்று நாள் பாருங்கள். மறுபடி ஊறினால் நிலத்தடி நீர், அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஊறாவிட்டால் மழைநீர்தான்; மேட்டைச் சுற்றி வடிகால் வெட்டினால் போதும். சிலவற்றில் சிமெண்ட் தரையும் மூலையில் சிறு நீர்க்குழியும் உண்டு, பெரும்பாலும் சேறு அடைத்திருக்கும்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே வளவில் நிற்கும் கட்டுமானங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வரக்கூடும். கவுன்சிலைக் கேட்காமல் இரும்புக்காரரைக் கூப்பிட வேண்டாம். கிளறும்போது குண்டு போல் எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல் விலகி 999ஐ அழையுங்கள்.

தகடு நன்றாக இருந்தால் மண்வெட்டி, சைக்கிள் வைக்கலாம். அரிசி மூட்டை மட்டும் வேண்டாம். எவ்வளவு வடித்தாலும் உள்ளே ஓதம் போகாது.