எந்தப் பாடசாலை?

அன்புள்ள அக்கா,

மகனுக்கு ஒன்பது வயது, தரம் 4. கச்சான் காற்று எப்போது தொடங்கும், வாடைக் காற்றுக்கு ஏன் வள்ளங்களைக் கரையில் இழுத்து வைக்கிறார்கள் என்றெல்லாம் விளக்கமாகச் சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிவிடும். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம் என்று வைத்தியர் எழுதித் தந்திருக்கிறார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ் பண்ணவைத்து நகரத்துப் பெரிய பாடசாலையில் சேர்க்க வேண்டும் என்கிறார் கணவர். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பில், விசேட கல்வி அலகில், விடச் சொல்கிறார் மாமி. இப்போது படிக்கும் சிறிய பாடசாலையே போதுமோ என்று எனக்கு ஒரு யோசனை. என்ன செய்யலாம்?
ஒரு தாய், உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

என் தம்பியும் இப்படித்தான். ‘மழை’ என்ற சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவான். பெயர்பெற்ற ஒரு பாடசாலையில் அவனுடைய கொப்பியை வகுப்பு முழுக்கக் காட்டிச் சிரித்தார்கள். அதன் பிறகு தினமும் காலையில் வயிற்றுவலி. வேறு பாடசாலைக்கு மாற்றினோம். அங்கே சுற்றாடல் பாடம் எடுத்த ரீச்சர், “எழுத வேண்டாம், இங்க வந்து சொல்லு” என்று மேசையருகே கூப்பிட்டார். கடல்நீர் எப்படி முகிலாகிறது என்று அவன் சொல்லச் சொல்ல, அவரே பென்சிலால் அவன் கொப்பியில் எழுதி, புள்ளியும் போட்டார். அந்தக் கொப்பி இன்னும் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது.

அதனால் பாடசாலையின் பெயரைப் பிறகு பார்ப்போம். அடுத்த வருடம் அவனுக்கு வகுப்பாசிரியராக வரப்போகிறவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். வாயால் சொன்ன விடைக்குப் புள்ளி தருவாரா? கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்கும்வரை காத்திருப்பாரா? எழுத்துப்பிழைக்காக விஞ்ஞான விடையை வெட்டுவாரா? இதையெல்லாம் நேரே கேளுங்கள்.

விசேட கல்வி அலகைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அது தேவைப்படுகிற பிள்ளைகளுக்குப் பெரிய துணை. ஆனால் உங்கள் மகனுக்குப் பாடம் விளங்குகிறது, எழுத்துத்தான் தடை. சாதாரண வகுப்பில் இருந்தபடியே வாசிப்புக்குத் தனி உதவி கிடைப்பதே அவனுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். வைத்தியரின் அறிக்கையை மறைக்காதீர்கள். “பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள்” என்று பயந்து லாச்சிக்குள் வைக்கிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அறிக்கை இல்லாவிட்டால் ஆசிரியருக்கு அது சோம்பலாகத்தான் தெரியும்.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: புலமைப்பரிசில் பரீட்சை கட்டாயமில்லை. அவன் எழுத விரும்பினால் எழுதட்டும். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் செய்து தருகிறது. வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஓடித் திரியாமல் இப்போதே பேசி வையுங்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டிப் பெரிய பாடசாலை கிடைத்தாலும், அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டே சேருங்கள். இப்போதைய பாடசாலையில் நல்ல பதில் கிடைத்தால், அங்கிருந்து அவனைப் பிடுங்கி எடுக்க ஒரு காரணமும் இல்லை.

பேசப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாடைக் கதையை அவனே ரீச்சருக்குச் சொல்லட்டும். அவர் அவனைப் பார்த்துக் கேட்கிறாரா, உங்களைப் பார்த்துத் தலையாட்டுகிறாரா என்று கவனியுங்கள். அப்புறம் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா