பாஸ்வேர்ட் அண்ணனிடம்

கேள்வி: மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறேன். உயர்தரம் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. கடல் விஞ்ஞானம் படிக்க ஆசை. ஆனால் கடலை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் கோயில் பயணத்தில். நீச்சல் தெரியாது. "லயத்துப் பிள்ளைக்குக் கடல்ல என்ன வேலை, ஒரு டீச்சர் நியமனத்த எடுத்துக்கிட்டு வீட்டோட இரு" என்கிறார் அம்மா. அந்தப் படிப்புக்கு வேலையே கிடையாது என்கிறார் அண்ணன். ஓ.எல். முடித்ததோடு புறக்கோட்டையில் கடை வேலைக்குப் போனவர் அவர். என் டியூஷன் காசெல்லாம் அவர் அனுப்பியதுதான். பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் அவர்தான் கொழும்பில் தன் போனில் போட்டார், பாஸ்வேர்ட் அவரிடம் இருக்கிறது. என் ஆசை பைத்தியக்காரத்தனமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, கடலை இரண்டு தடவை பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நீச்சல் தெரியாததற்கு அரைப் பக்கம். (இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்.) பாஸ்வேர்ட் அண்ணனிடம் இருப்பதற்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

விண்ணப்பத்தில் விரும்பும் படிப்புகளை வரிசைப்படுத்திப் போட வேண்டும். அதில் கடல் படிப்பை அண்ணன் எத்தனையாவதாகப் போட்டார்? கடிதத்தில் அது இல்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். ஆக, உங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. போட்டாரா இல்லையா என்பதே தெரியாது. நாலு வருடப் படிப்பைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் துணிந்த பிள்ளைக்குக் கூடப்பிறந்தவனை ஒரு கேள்வி கேட்கத் துணிவில்லை. வருடா வருடம் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் புள்ளி) வந்த கையோடு இப்படிக் கடிதம் வருகிறது. பாடம்தான் மாறும், விண்ணப்பம் மட்டும் எப்போதும் வேறு யாருடைய கையிலாவது இருக்கும்.

அந்த வரிசை எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். எந்த இடத்தில் உங்கள் இசட் புள்ளி அந்தப் படிப்புக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளியை, அதாவது வெட்டுப்புள்ளியைத் தொடுகிறதோ, அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே நீங்கள் உயிரை வைத்து எதைப் போட்டிருந்தாலும் கணக்கில் வராது. பின்னால் வெற்றிடம் விழுந்தால் மேலே ஏற்றுவார்களே தவிர, கீழே இறக்க மாட்டார்கள். அண்ணன் நல்லெண்ணத்தில் வேறு ஏதோ ஒன்றை மேலே போட்டு, அதற்கு உங்கள் புள்ளி போதுமாகவும் இருந்துவிட்டால் கதை முடிந்தது. அதில் பதிந்தும் விட்டால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கும் வழியும் அடைபடும்.

நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளைக்கு இது இன்னும் நுணுக்கமான கணக்கு. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன, கண்டி இல்லை. அது உங்களுக்குக் கொஞ்சம் சாதகம். ஆனால் நூறு பேரை எடுக்கிற ஒரு படிப்பில் நுவரெலியாவின் மாவட்டப் பங்கு இரண்டு இடம் அளவில்தான் வரும். அந்த இரண்டு இடத்துக்கான போட்டியை மற்றவர் போனில் விட்டுவிட்டு, நீச்சலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்.

அண்ணனைக் குறை சொல்லவில்லை. படிக்கிற வயதில் துணிக்கட்டுச் சுமந்த பையன் அவர். அவருக்கு நீங்கள் கடன்பட்டவர். 'என் வாழ்க்கை, என் விருப்பம்' என்று யாராவது சொல்லித்தந்தால் காதில் வாங்காதீர்கள். அவர் காசில் படித்துவிட்டு அந்தப் பேச்சுப் பேசுவது நன்றிகெட்டதனம். உத்தியோகம் கிடைத்தால் முதல் சம்பளத்திலிருந்து வீட்டுக்கும் அவருக்கும் பங்கு போக வேண்டும். அவர் கல்யாணத்துக்கு நீங்கள் முன்னால் நிற்க வேண்டும். ஆனால் பட்ட கடனுக்காக வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பணிவு என்று நினைக்காதீர்கள். பிடிக்காத படிப்பில் விழுந்து, இரண்டாம் வருடத்தில் பெட்டியோடு லயத்துக்குத் திரும்பினால் நட்டப்படப் போகிறவரும் அவர்தான்.

இனி படிப்புக்கு வருவோம். மாத்தறையில் றுகுணு பல்கலைக்கழகத்துக்குக் கடற்றொழில், கடல் விஞ்ஞானத்துக்கென்றே தனிப் பீடம் இருக்கிறது. உங்களுடைய ஆசை உண்மையாகவே கடல் என்றால் முதல் இடம் அதற்குத்தான். பதுளையில், உங்கள் மலையிலேயே, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நீர்வள தொழில்நுட்பத்தில் பட்டம் தருகிறது. மீன் வளர்ப்பும், பிடித்த மீனைக் கெடாமல் பதப்படுத்துவதும் அதில் தூக்கலாக இருக்கும். அம்மாவைச் சமாதானப்படுத்த வசதி என்பதற்காக மட்டும் அதை மேலே போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு படிப்பு. 2014ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சமுத்திரப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதற்கு ஆணைக்குழுவின் பட்டியலில் இடமில்லை, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எதற்கு எந்தப் பாடச் சேர்க்கை, எந்தச் சித்தி வேண்டும் என்பதை ஆணைக்குழுவின் இந்த வருடத்துக் கைநூலில் பாருங்கள். தமிழிலும் வருகிறது. போன வருடத்துக் கைநூலை இரவல் வாங்காதீர்கள்.

நீச்சலை விண்ணப்பத்தில் கேட்பதில்லை. அதை மாத்தறைக்குப் போய்ப் பழகலாம். படகில் தலைசுற்றினால் நடுப்பகுதியில் உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும், வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது. அவ்வளவுதான்.

உங்களைத் தடுக்கப் போவது செய்முறை பழகாத கை. மலையகத்தில் பல பள்ளிக்கூடங்களில் இரசாயனவியல் செய்முறையைக் கரும்பலகையில் எழுதித்தான் படித்திருப்பீர்கள். கடல் படிப்பிலோ ஆரம்பத்திலேயே நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை அளக்கச் சொல்வார்கள், விங்க்ளர் முறையில். அரைத்த கண்ணாடி மூடி போட்ட 300 மில்லிலீற்றர் போத்தல். நீரைக் குழாய் வழியாகப் போத்தலின் அடியிலிருந்து நிரப்பி, வழியவிட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று கலந்துவிடும். பிறகு மங்கனீசு சல்பேற்றுக் கரைசல் ஒரு மில்லிலீற்றர், காரம் கலந்த அயடைட்டு ஒரு மில்லிலீற்றர், இரண்டையும் குழாயியின் (பிப்பெற்) நுனியை நீருக்குள் வைத்தே விட வேண்டும். மூடியை வைக்கும்போது ஒரு குமிழி கூட மாட்டக்கூடாது; மாட்டினால் இல்லாத ஒட்சிசனை அளப்பீர்கள். போத்தலைக் கவிழ்த்துக் கலக்கினால் கபில நிறத்தில் வீழ்படிவு இறங்கும். வெள்ளையாக இறங்கினால் அந்த நீரில் ஒட்சிசன் இல்லை. சல்பூரிக்கமிலம் விட்டதும் வீழ்படிவு கரைந்து அயடீனின் மஞ்சள் வரும். அதைத் தயோசல்பேற்றால் நியமிக்க வேண்டும், அதாவது அளவியிலிருந்து (பியூரெற்) தயோசல்பேற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் போக எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் தவறுகிற இடம் இதுதான்: அயடீன் இருந்தால் நீலம் காட்டும் மாப்பொருள் காட்டியை அவசரப்பட்டு முதலிலேயே விடுவார்கள். அயடீன் நிறைய இருக்கும்போது மாப்பொருள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், நீலம் லேசில் போகாது, அளவியில் அதிகம் இறங்கிவிடும். நிறம் வெளிறிய வைக்கோல் மாதிரி ஆன பிறகு விட்டால், கடைசி ஒரு துளியில் நீலம் பட்டென்று மறையும்.

பல்கலைக்கழகம் தொடங்கும் வரை உங்களுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. உங்கள் பழைய பள்ளிக்கூடத்திலோ பக்கத்து டவுன் பள்ளிக்கூடத்திலோ இரசாயனவியல் ஆசிரியரைப் பிடித்து, அளவியும் குழாயியும் கையில் பழகும்வரை இருபது நியமிப்பாவது செய்யுங்கள். சாதாரண அமில கார நியமிப்பே போதும். மூன்று வாசிப்பும் 0.1 மில்லிலீற்றருக்குள் ஒத்துவர வேண்டும். கூடவே ஆங்கிலம். விரிவுரை, பரீட்சை, ஆய்வறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில். உயிரியலைத் தமிழில் படித்த பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுக்கி விழுவது கடலில் இல்லை, இங்கேதான்.

வேலை இல்லை என்று அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. அரச வேலை வர்த்தமானியில் வரும்போதுதான் வரும். நாரா (நீர்வள ஆராய்ச்சி நிறுவனம்), நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, கடற்றொழில் திணைக்களம், கடல் சூழலைப் பாதுகாக்கும் அதிகாரசபை, எல்லாவற்றிலும் இடம் கொஞ்சம், போட்டி அதிகம். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மேற்குக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியபோது நீரையும் மணலையும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது; அது இந்தப் படிப்புப் படித்தவர்களின் வேலை. தனியாரில் மீன் ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாடு, புத்தளம் பக்கத்து இறால் பண்ணைகள், அலங்கார மீன் ஏற்றுமதி. தொடக்கத்தில் சம்பளம் பெரிதாக இராது, வேலை நேரம் கோழி கூவும் முன்னே தொடங்கலாம். இதையெல்லாம் மறைக்காமல் அண்ணனிடம் சொல்லுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்குப் பயம் காசில்தான்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டுக்குக் கீழேயே ஓடுகிறது. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பில் மட்டக்குளிப் பக்கம் கடலில் விழுகிறது. நாரா இருக்கிற காக்கைதீவும் அந்த மட்டக்குளியில்தான். தோட்டத்து மலையில் மழைக்குக் கரைகிற மண்ணும் தேயிலைக்குப் போட்ட உரத்தின் மிச்சமும் அங்கே போய்ச் சேருகின்றன. முகத்துவாரத்தில் நல்ல தண்ணீர் மேலே மிதக்க, உப்புத் தண்ணீர் அடியால் ஆப்பு மாதிரி உள்ளே நுழையும். லயத்துப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்று இன்னொரு தடவை கேட்டால் இதைச் சொல்லுங்கள். டீச்சர் வேலை நல்ல வேலைதான். அம்மாவின் பயத்துக்காக அதை எடுத்தால் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் பாவம்.

கடிதம் எனக்கு வந்து, பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் எத்தனை நாள் போயிருக்கும் என்று பாருங்கள். முடிவுத் திகதி இருக்கிறதா, போட்ட வரிசையைத் திருத்த வழி இருக்கிறதா என்று கைநூலில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இன்று இரவு கடை பூட்டியதும் அண்ணனுக்கு எடுங்கள். வேலை நேரத்தில் எடுத்தால் முதலாளி முன்னால் அவசரமாகத்தான் பேசுவார். "அண்ணே, போட்ட லிஸ்ட்டை மேலிருந்து வாசிங்க" என்று கேட்டு, அவர் வாசிக்க வாசிக்கக் கொப்பியில் இலக்கத்தோடு எழுதுங்கள். கடல் படிப்பு எங்கே இருக்கிறதோ அதற்கு அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள ஒவ்வொன்றையும் ஏன் போட்டார் என்று கேளுங்கள். பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம். அவர் சொல்ல, அதையும் அதே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.