அடியோடு தோண்டி எடுங்கள்

அன்புள்ள அம்மா,
மழை விட்டதும் ஹோவிக் பக்கம் பைன் காட்டில் நடந்தபோது நிறையக் காளான் கண்ணில் பட்டது. வேர் கெடக்கூடாதென்று தரையோடு வெட்டி எடுத்து வந்தோம். படம் இணைத்திருக்கிறேன். இது அமாகோவே என்ற உண்ணும் காளான்தானா? செல்போன் செயலி 'சாப்பிடலாம்' என்கிறது. பூண்டு போட்டு வேகவைத்து, பூண்டு கறுக்காவிட்டால் பயமில்லை என்கிறார் ஆயா.
எஸ்., டர்பன்

அன்புள்ள எஸ்.,

கொண்டுவந்ததை யாரும் வாயில் வைக்காதீர்கள். செயலியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆயாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: காளான் நஞ்சு பூண்டைக் கறுக்க வைக்காது. டெத் கேப் என்னும் கொடிய நச்சுக் காளானின் நஞ்சு வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது.

எனக்குக் கோபம் நீங்கள் தரையோடு வெட்டியதில்தான். எத்தனை பேருக்குச் சொல்வது! காளானுக்கு வேர் இல்லை. மண்ணுக்குள் பரவியிருக்கும் இழைகள் ஒன்றைப் பிடுங்குவதால் அழிந்துவிடாது. ஆனால் டெத் கேப்பைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளை உறை மண்ணுக்குள் இருக்கிறது. வெட்டினால் அது அங்கேயே தங்கிவிடும். கையில் வருவது பார்க்க நல்ல காளான். ஓக் மரத்தடியில் கூடுதல் கவனம் வேண்டும்.

தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிச் சிறு கரண்டியை ஆழமாக இறக்கி, மண்ணோடு நெம்பித் தூக்குங்கள். மண்ணை விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு அடியைப் பாருங்கள். தண்டின் அடி, உடைந்த முட்டை ஓட்டுக்குள் உட்கார்ந்ததுபோல் கிழிந்த பைக்குள் இருந்தால் வீசிவிட்டுக் கையைக் கழுவுங்கள். விரியாத மொட்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள்; உள்ளே குட்டிக் குடையின் வடிவம் தெரிந்தால் அதையும் தொடாதீர்கள்.

அமாகோவே நம் புற்றுக்காளான் இனம்தான். கறையான் புற்றிலிருந்து வருவதால் தண்டு கீழே மெலிந்து, நீண்ட வால்போல் புற்றுவரை இறங்கும். குடை நடுவில் கூர்மையான குமிழ் இருக்கும். அந்த வாலையும் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். மேலும், அதைத் தேட வேண்டிய இடம் புற்றுள்ள புல்நிலம், பைன் சருகு அல்ல.

தண்டை நீக்கி, குடையின் அடியில் மடிப்புகளாக உள்ள செவுள் பக்கத்தைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு வையுங்கள். தாளில் விழும் வித்துத் தூள் அமாகோவேக்கு வெளிறிய இளஞ்சிவப்பு. டெத் கேப்புக்கு வெள்ளை. பச்சை விழுந்தால், வீட்டுப் புல்தரையில் முளைக்கும் நச்சுக் காளான். சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கும். தூளின் நிறம் ஒன்றை விலக்க உதவும். அதை மட்டும் நம்பி எதையும் சமைக்கக் கூடாது.

வீட்டில் யாராவது ஏற்கெனவே தின்றிருந்தால் வாந்திக்காகக் காத்திருக்காதீர்கள். டெத் கேப் 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் காட்டாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. அது அடங்கிச் சற்றுத் தெளிந்ததுபோல் தெரியும் நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மிச்சக் காளானைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.